ஏரிக்கு ஒதுக்கிய பங்கு

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த தண்டலத்தைச் சுற்றியுள்ள நிலம் மேற்கிலிருந்து கிழக்காக மெல்லச் சரிகிறது. ஆண்டுக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர் மழை பெய்கிற பகுதி இது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இங்கே இல்லை. தெற்கே உள்ள பாலாறுகூட பெரும்பாலான மாதங்களில் மணல்தான். அதனால் செங்கல்பட்டுச் சீமையில் ஊர்தோறும் ஓர் ஏரி உண்டானது. மேலூர் ஏரியின் கலங்கலில் வழிவது கீழூர் ஏரிக்கு வரத்து. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து அடையாறாகக் கடலை அடைகிறது. ஏரி வயலுக்காக மட்டும் வெட்டப்பட்டதல்ல. ஏரியில் தண்ணீர் நின்றால்தான் வீட்டுக் கிணறு ஊறும். கொல்லையில் வாழையும் அவரைப் பந்தலும் பங்குனி வரை பச்சையாக நிற்பதும், மாட்டுக்குக் குட்டையில் நீர் இருப்பதும் அந்த ஊற்றால்தான். இந்த அமைப்பு ஆக்கிரமிப்பாலும் தொழிற்சாலைகளாலும் அழிந்தது என்பது இன்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது உண்மையின் பிற்பகுதி மட்டுமே. ஏரியைப் பராமரிக்க ஆண்டுதோறும் எடுத்து வைக்கப்பட்ட பங்கு நின்றுபோனபோதே சரிவு தொடங்கிவிட்டது என்பது என் வாதம்.

பழைய சான்றுகளைப் பார்த்தால், ஏரியை வெட்டியவர்களுக்கு இணையாக அதைக் காப்பதற்கான ஏற்பாடும் பேசப்படுகிறது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு பரமேசுவரத் தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவந்த கால்வாயையும் குறிக்கிறது. ஏரிப் பராமரிப்புக்கென ஒதுக்கிய நிலத்துக்கு ஏரிப்பட்டி என்றே கல்வெட்டுகளில் பெயர். உத்திரமேரூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். அதே கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்ற குழுவுக்கு ஆறு பேர், ஓராண்டுக் காலத்துக்கு என்று இருக்கிறது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் தடை. கரையின் உறுதி கணக்கின் உறுதியைப் பொறுத்தது என்பதை அந்தச் சபையார் நன்றாக உணர்ந்திருந்தார்கள்.

எட்டு நூற்றாண்டு கழிந்தும் இந்த ஏற்பாட்டின் சாரம் மறையவில்லை. 1763இல் ஆற்காட்டு நவாப் இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767க்கும் 1774க்கும் இடையே தாமஸ் பர்னார்டு சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்து பதிந்தார். அந்தப் பதிவுகளில் தெரிவது இது: களத்தில் நெல் குவித்ததும், அரசுக்கும் உழுதவருக்கும் பிரிப்பதற்கு முன்பே கோயில், கணக்கர், தச்சர், குயவர், வெட்டியார் என்று ஊரைத் தாங்கிய ஒவ்வொருவருக்கும் மேரை எடுக்கப்பட்டது. ஏரிக்கும் அப்படி ஒரு பங்கு உண்டு. விளைச்சல் கூடினால் ஏரியின் பங்கும் கூடும். அரசு கஜானாவில் பணம் இருக்கிறதா என்று யாரும் காத்திருக்கவில்லை. ஜாகீர் கலெக்டராக 1794இலிருந்து 1798 வரை இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தார். மதுராந்தகம் ஏரிகாத்த இராமர் கோயிலில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது. ஆனால் அவர் காலத்துக் கம்பெனிக்கு வேண்டியிருந்தது வருவாய். களத்துப் பங்குகள் அதன் பார்வையில் அரசுக்கு வரவேண்டிய நெல்லின் கசிவு. வரி தனித்தனிப் பட்டாதாரரோடு பணமாகப் பேசி முடிக்கப்பட்டபோது, ஊருக்குப் பொதுவான பங்கு எங்கிருந்து வரும்? 1858இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் அபாயத்தில் ஊராரை வேலைக்கு இழுக்கலாம், வழக்கமான மராமத்துக்கு வராதவருக்குத் தண்டம் விதிக்கலாம் என்றது. பங்கைப் பறித்துக்கொண்டு கடமையை மட்டும் ஊரிடம் விட்டுவைத்த சட்டம் அது.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. ஆய்வாளர் டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூலில், தன்னிறைவோடு ஏரியைக் காத்த கிராமச் சமுதாயம் என்பது பெருமளவு காலனிய ஆட்சியாளர் வரைந்த சித்திரம் என்று வாதிடுகிறார். மன்னர், பாளையக்காரர் கொடையும் அதிகாரமும் இல்லாமல் ஏரிகள் நின்றதில்லை என்கிறார். அவர் ஆராய்ந்தது தெற்கே இராமநாதபுரம், சிவகங்கைச் சீமை. இங்கும் அது ஓரளவு பொருந்தும். அதைவிடக் கடுமையான மறுப்பு சாதி. உத்திரமேரூர் வாரியத்துக்கு வர, வரி கட்டும் கால் வேலி நிலமும் வேதக் கல்வியும் வேண்டும். மதகு திறந்தவரும் சேற்றில் இறங்கித் தூர் வாரியவரும் பெரும்பாலும் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதியினர். நீரில் அவர்களுக்குக் கிடைத்த உரிமை மிகச் சிறிது. இதை மூடி மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதுவது அநியாயம். ஆயினும் இந்த மறுப்புகள் என் வாதத்தைத் தகர்க்கவில்லை. கொடுத்தவர் அரசரானாலும் ஊரானாலும், ஏரிக்கென்று நிலையான வருவாய் இருந்தது, அதற்குக் கணக்குக் கேட்க ஆள் இருந்தது. அந்த ஏற்பாட்டில் இருந்த அநீதி நீக்கப்படவேண்டியதுதான். நடந்ததோ வேறு: அநீதி ஊருக்குள் தங்கிவிட்டது, வருவாய் மட்டும் போய்விட்டது.

இன்றைய ஏற்பாடுகளிலும் இதே குறைதான். 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. நாட்டுக்கே முன்மாதிரி, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் இந்தப் பகுதியின் மழை ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. தொட்டியில் ஒரு பகுதியைப் பிடித்து மீதியைக் கிணற்றுக்கு விட்டாலே தோட்டத்துக்கும் புழக்கத்துக்கும் பெரிய துணை. ஆனால் சட்டம் குழாயையும் கசிவுக் குழியையும் கேட்டது. குழியிலுள்ள மணலையும் ஜல்லியையும் ஆண்டுதோறும் எடுத்துக் கழுவிப் போடுவது யார் என்பதற்கு ஏற்பாடு செய்யவில்லை. சேறு அடைத்த குழி வழியாக மண்ணுக்குள் நீர் இறங்காது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டபோது, குழாய் பொருத்திய வீடுகளும் லாரித் தண்ணீருக்குத்தான் காத்திருந்தன. 2017 மார்ச்சில் மணிமங்கலத்தில் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் அரசு 100 கோடி ரூபாய் ஒதுக்கியது, பாசன விவசாயிகள் பத்தில் ஒரு பங்கு தர வேண்டும் என்றது. பங்கு என்ற எண்ணம் திரும்ப வந்தது நல்லது. ஆனால் அது அந்த ஒருமுறை வேலைக்கான பங்கு. களத்து மேரையோ ஒவ்வோர் அறுவடையிலும் வந்தது.

ஏரிகள் நிரம்பியிருப்பதே ஆபத்து என்று 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துச் சொல்பவர்களும் உண்டு. செம்பரம்பாக்கத்திலிருந்து அன்று விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. அடையாற்றுக் கரையில் உயிர்கள் போயின. அந்தத் துயரம் காட்டுவது மேலே உள்ள சிற்றேரிகள் தூர்ந்திருந்தால் கடைசி ஏரி எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டியிருக்கும் என்பதை. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதற்கு மேல் அதனால் பிடிக்க முடியாது. மேலே பிடிக்கும் ஒவ்வோர் அடியும் கீழே வெள்ளத்தைக் குறைக்கும்.

இப்போது ஆயக்கட்டு நிலம் சுருங்கிவிட்டது. களமும் இல்லை, நெல் குவியலும் இல்லை. ஏரியால் பயன் பெறுவோர் மாறிவிட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை ஆலைக் கூரைகள் நீள்கின்றன. ஒரு ஏக்கர் கூரையில் ஆண்டுக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர் மழை விழுகிறது. அந்த நீர் வழியும் ஏரியின் வரத்துக் கால்வாய்க்கும் மதகுக்கும், கூரைப் பரப்பின் கணக்கில் ஆண்டுதோறும் ஒரு பங்கு அந்த ஆலைகளிடமிருந்து வரவேண்டும். அது பொதுக் கஜானாவில் கலக்காமல் அந்தந்த ஏரியின் பெயரிலேயே இருக்கவேண்டும். கால்வாயில் இறங்கி வேலை செய்பவருக்கு முறையான கூலி அதிலிருந்து கிடைக்கவேண்டும். செலவுக் கணக்கை ஆண்டுதோறும் தண்டலம் போன்ற ஊர்களின் கிராம சபையில் வாசிக்கவேண்டும். கணக்குக் காட்டத் தவறியவர் அடுத்த ஆண்டு அந்தப் பொறுப்புக்கு வரக்கூடாது.