காளான் தெரிந்தவர்களைக் காளான் கொன்ற கதை

காளான் தின்றால் சாதி போய்விடும் என்கிறது மனுஸ்மிருதி. ஐந்தாம் அத்தியாயத்தில் பூண்டு, வெங்காயம், ஊர்ப்பன்றி, ஊர்க்கோழி வரிசையில் காளானும் இருபிறப்பாளருக்கு விலக்கப்பட்டிருக்கிறது. அசுத்தத்தில் முளைக்கிறதாம். எந்தக் காளான் கொல்லும், எது வயிற்றை நிரப்பும் என்ற கவலை அந்தச் சுலோகங்களுக்கு இல்லை. அந்த அறிவைச் சேர்த்தவர்கள் அதைத் தின்ற மக்கள்தான். பசியால் மட்டும் தின்றார்கள் என்று சொல்லிவிடாதீர்கள் தோழர்களே, அது அவர்களுடைய நாக்கை அவமதிப்பது. ருசிக்காகவும் தின்றார்கள்.

சோட்டாநாக்பூரைப் பாருங்கள். இன்றைய ஜார்க்கண்டும் அதை ஒட்டிய பகுதிகளும்தான் அது. மழை தொடங்கியதும் முண்டா, ஒராவோன், சந்தால் மக்களும் அங்குள்ள தலித் மக்களும் சால மரத்தடி மண்ணைக் கிளறி 'ருக்டா' எடுப்பார்கள். அதற்குக் குடை கிடையாது, சின்ன உருளைக்கிழங்கு போல உருண்டையாக இருக்கும். வெட்டினால் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும், அதுதான் இளசு. சால மர வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை என்பதால் மரத்தைத் தெரிந்தவருக்கே அது கிடைக்கும். எந்த மரம், எந்த மண், எத்தனையாவது மழை என்பதெல்லாம் சேர்ந்ததுதான் காளான் அறிவு. காட்டை விட்டுப் பிரித்தால் அதில் பாதிகூட மிஞ்சாது.

பிரித்தார்கள். 1839இல் அசாம் கம்பெனி தொடங்கியது. அடுத்த பல பத்தாண்டுகளில் 'அர்காட்டி' எனப்பட்ட ஆள்பிடிகள் சோட்டாநாக்பூரிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்களை அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். ஓடிப்போகும் கூலியைத் தோட்டத்துரையே பிடித்து வைக்க 1882ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. இலங்கை மலையகத் தமிழரின் வரலாறு அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேல் அசாமின் தோட்டங்களைச் சுற்றிச் சால மரக்காடு இல்லை. மழைக்கு அங்கே முளைப்பவை வேறு காளான்கள். அவற்றைப் பழகக் காட்டில் சுற்றித் திரியும் நேரமும் உரிமையும் வேண்டும். லயத்து வீட்டுக்கும் தேயிலை வரிசைக்கும் இடையில் அடைக்கப்பட்டவர்களுக்கு அந்த இரண்டும் எங்கிருந்து வரும்?

2022 ஏப்ரலில் திப்ரூகரிலுள்ள அசாம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் 13 பேர் இறந்தார்கள். காட்டுக் காளான் சமைத்துத் தின்றவர்கள். பெரும்பாலோர் தேயிலைத் தொழிலாளர் குடும்பத்தினர். அப்போது பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் அவர்களின் நாள்கூலி 205 ரூபாய். இதை 'அறியாமை' என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அந்தச் சொல் ஒப்பவில்லை. 2021இல் போலந்தில், ஆப்கானிஸ்தானிலிருந்து மீட்டு வரப்பட்ட குடும்பத்தின் இரண்டு சிறுவர்கள் முகாமருகே பறித்த நச்சுக்காளானால் இறந்தார்கள். அதுவும் மக்கள் இடம்பெயர்ந்த கதைதான். அசாமில் இந்தத் தோட்ட மக்கள் இன்றும் பழங்குடிப் பட்டியலில் இல்லை. காட்டை மட்டுமல்ல, பெயரையும் இழந்தவர்கள்.

நம் ஊரில் புற்றுக்காளான் தேடிப் போகிறவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. புத்தகப் படத்தையோ செயலியையோ நம்பிப் பறிக்காதீர்கள். அந்த இடத்திலேயே வருடக்கணக்காக எடுத்தவரோடு போங்கள். காம்பை ஒடிக்காமல் அடிவரை தோண்டுங்கள். புற்றுக்காளானின் காம்பு வேர் மாதிரி நீண்டு கறையான் கூடுவரை இறங்கும். உயிர்குடிக்கும் அமானிட்டா வகைகளில் பலவற்றுக்கு அடியில் பை போன்ற உறையும், காம்பில் வளையமும், குடைக்குக் கீழே வெள்ளை மடிப்புகளும் இருக்கும். ஒடித்தெடுத்தால் அந்த உறை மண்ணிலேயே தங்கிவிடும். வெள்ளிக்கரண்டி கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, பூச்சி கடித்திருக்கிறதா என்ற சோதனைகள் எல்லாம் பொய். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு சாகாது.

பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் வாந்தியும் பேதியும் தொடங்கும். மறுநாள் தேறியது போலவே இருக்கும். அதை நம்பித்தான் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். தின்றவர் அத்தனை பேரையும், வாந்தி எடுக்காதவரையும் சேர்த்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சமைக்காமல் மிஞ்சிய காளானையும் கையோடு எடுத்துப் போங்கள்.