நூற்பேழையும் இரவற் பதிவேடும்: 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கப் பொது நூலகங்கள்

நூலகம் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் பேழைகளில் இருந்த நூல்களை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றனர். எந்நூல் வாங்கப்பட்டது, யார் நன்கொடை அளித்தார், எத்தனை தொகுதிகள் சேர்ந்தன என்பவை எளிதில் கிடைக்கும் செய்திகள். அந்நூல்களை வீட்டிற்கு எடுத்துச் சென்றவர் யார், அவர்கள் எதை விரும்பினர், எதைத் தொடாமல் விட்டனர் என்பவை வேறு செய்திகள். 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கப் பொது நூலகங்களை ஆராயும்போது இவ்விரண்டையும் நாம் சேர்த்தே நோக்க வேண்டும். ஏனெனில் அந்நூலகங்கள் தோன்றக் காரணராயிருந்தவர்களுள் பலர் நம்மைப் போன்ற திருப்பணியாளர்கள். மக்கள் எதைப் படித்தல் நலம் என்பதில் அவர்களுக்கு உறுதியான கருத்து இருந்தது. மக்கள் அக்கருத்தை எந்த அளவுக்கு ஏற்றனர் என்பதை இரவற் பதிவேடுகளே காட்டுகின்றன.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1778இல் உருவான ஓர் ஊர், பெஞ்சமின் பிராங்கிளினின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. பின்னர் அவ்வூருக்காக ஆலயமணி ஒன்று அவரிடம் கேட்கப்பட்டது. ஓசையினும் அறிவே மேலானது என்று கருதிய பிராங்கிளின் மணிக்குப் பதிலாக நூல்களை அனுப்பினார். அவற்றைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை இலண்டனில் வாழ்ந்த தம் நண்பரும் போதகருமான ரிச்சர்ட் பிரைஸிடம் ஒப்படைத்தார். வந்து சேர்ந்த 116 தொகுதிகளில் இறையியலும் அரசியல் நெறியும் மிகுந்திருந்தன. இவற்றை யார் எடுத்துச் செல்லலாம் என்பது பற்றி ஊரில் வாக்குவாதம் எழவே, 1790இல் கூடிய ஊர்க்கூட்டம், ஊரார் யாவரும் கட்டணமின்றி இரவல் பெறலாம் என்று தீர்மானித்தது.

இது அக்காலத்தில் அரிய நிகழ்ச்சியே. பெரும்பாலான நூலகங்கள் பங்குதாரர்களுக்கு உரியனவாயிருந்தன. 1731இல் அதே பிராங்கிளின் பிலடெல்பியாவில் தொடங்கிய நூலகக் கழகத்தில் முதலில் சேர்ந்தோர் தலைக்கு 40 ஷில்லிங் செலுத்தினர். 1820இல் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் வணிக நிறுவனங்களின் இளம் எழுத்தர்களுக்கென நூலகங்கள் எழுந்தன. அவற்றிலும் சந்தா உண்டு. பணமற்றவன் வெளியே நின்றான். பணமிருந்தும் தோலின் நிறம் காரணமாக வெளியே நிறுத்தப்பட்டோரும் உண்டு. பிலடெல்பியாவின் கறுப்பின மக்கள் 1833இல் தங்களுக்கெனத் தனி நூலகக் கழகம் ஒன்றை நிறுவிக்கொண்டனர். அதே காலத்தில் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றமாயிருந்தது என்பதை மறந்துவிட்டு அமெரிக்க நூலகங்களைப் புகழ்வது நேர்மையன்று.

ஏழை வீடுகளுக்குள் நூல்களை முதன்முதல் பெருமளவில் கொண்டு சென்றவை ஞாயிறு பள்ளி நூலகங்களே. 1824இல் பிலடெல்பியாவில் அமைந்த அமெரிக்க ஞாயிறு பள்ளி ஒன்றியம், சிறு நூல்களை மலிவாக அச்சிட்டு, 100 தொகுதிகள் அடங்கிய நூலகத்தைப் 10 டாலருக்கு விற்றது. பல சபைப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் அடங்கிய குழு ஒவ்வொரு நூலையும் ஆய்ந்த பின்னரே அது அச்சேறியது. பிள்ளைகள் ஞாயிறுதோறும் ஒரு நூலை வாங்கிச் சென்று, அடுத்த ஞாயிறன்று திருப்பித் தந்தனர். வீட்டிற்குச் சென்ற நூலைப் பெற்றோரும் படித்தனர். 1859இல் வில்லியம் ரீஸ் என்பவர் தொகுத்த கணக்கின்படி, நாட்டிலிருந்த சுமார் 50,000 நூலகங்களுள் ஏறத்தாழ 30,000 ஞாயிறு பள்ளிகளுக்கு உரியவை. பேழை ஒன்றில் அடங்கும் சிறு தொகுப்புகளே இவற்றுள் பல. ஆயினும் எண்ணிக்கை நம்மை வியக்க வைக்கிறது.

இந்நூல்களில் பெரும்பகுதி கதைகள் என்பதை இங்கே அழுத்திக் கூற விரும்புகிறோம். நற்சிறுவன் ஒருவனின் மரணம், குடிகாரத் தந்தையின் மனமாற்றம், அனாதைச் சிறுமியின் பொறுமை என்பன போன்ற பொருள்கள் கதையுருவில் தரப்பட்டன. நாவல் படிப்பது ஆத்துமாவிற்குக் கேடு என்று பிரசங்க மேடையில் முழங்கிய அதே சபைகள், கதை படிக்கும் பழக்கத்தைத் தம் பிள்ளைகளுக்குத் தாமே ஊட்டின.

எதைப் படிக்கக் கொடுக்கலாம் என்பதில் திருச்சபையினர் ஒரே மனத்தினரல்லர். மாசசூசெட்ஸ் கல்விக் குழுவின் செயலாளரான ஹொரேஸ் மான் பள்ளி நூலகங்களை அமைக்க முயன்றபோது, ஞாயிறு பள்ளி ஒன்றியத்தின் பிரடரிக் பேக்கர்ட் தம் ஒன்றியத்தின் நூல்களை அவற்றில் சேர்க்க விரும்பினார். ஜான் ஆபட் எழுதிய சிறுவர் நூலொன்றை அவர் 1838இல் எடுத்துக்காட்டாக முன்வைத்தார். சிறு குற்றங்களுக்கும் நித்திய தண்டனையைச் சுட்டும் அந்நூல், எல்லாரும் மீட்கப்படுவர் என்று நம்பும் பெற்றோரின் மனத்தைப் புண்படுத்தும் என்று மான் மறுத்தார். பொதுப் பணத்தில் வாங்கும் நூல் எவருடைய விசுவாசத்தைச் சார்ந்திருக்க வேண்டும்? இவ்வினாவை வெறும் பிடிவாதச் சண்டை என்று ஒதுக்குவது எளிது. அவ்விருவருக்கும் அது அப்படித் தோன்றவில்லை.

பொதுப் பணத்தால் நிலைபெற்ற இலவச நூலகத்தின் தொடக்கமாகப் பொதுவாகக் குறிக்கப்படும் ஊர் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள பீட்டர்பரோ. அங்கே யூனிட்டேரியன் போதகராயிருந்த ஏபியல் ஆபட் என்பவரின் முயற்சியால், கல்விக்கென மாநிலம் பகிர்ந்தளித்த நிதியின் ஒரு பகுதியை நூல்கள் வாங்கச் செலவிட 1833இல் ஊர்க்கூட்டம் இசைந்தது. அஞ்சல் நிலையமாகவும் விளங்கிய ஒரு கடையில் நூல்கள் வைக்கப்பட்டன. தனிக் கட்டடமோ, நூலகரோ இல்லை. கடிதம் வாங்க வந்தவர் நூலையும் வாங்கிச் சென்றார்.

மற்றோர் ஊர் மாசசூசெட்ஸிலுள்ள வேலண்ட். பாப்திஸ்து போதகரும் பிரவுன் பல்கலைக்கழகத் தலைவருமான பிரான்சிஸ் வேலண்டின் பெயரை இவ்வூர் 1835இல் ஏற்றிருந்தது. ஊரார் அதே அளவு பணம் திரட்டினால் நூலகத்திற்கு 500 டாலர் தருவதாக அவர் 1847இல் வாக்களித்தார். பணம் திரண்டது, ஆனால் நூலகத்திற்காக வரி விதிக்க ஊருக்கு உரிமை உண்டா என்ற ஐயம் எழுந்தது. அவ்வூரில் முன்பு போதகராயிருந்து, பின்னர் மாநிலச் சட்டமன்றத்தில் அமர்ந்த ஜான் பர்ட் வைட் கொண்டுவந்த மசோதா 1851இல் சட்டமாகி, மாசசூசெட்ஸின் எல்லா ஊர்களுக்கும் அவ்வுரிமையை அளித்தது. நியூ ஹாம்ப்ஷயர் 1849இலேயே இத்தகைய சட்டத்தை இயற்றியிருந்தது.

பாஸ்டன் நகரில் வினா வேறு வடிவெடுத்தது. அந்நகர்ப் பொது நூலகத்தை அமைக்க 1848இல் அனுமதி கிடைத்தது. முன்னாள் போதகரும் அரசியலறிஞருமான எட்வர்ட் எவரெட், பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அமர்ந்து ஆராய்வதற்குரிய நூற்களஞ்சியத்தையே மனத்தில் கொண்டிருந்தார். ஸ்பானிய இலக்கிய வரலாற்றை எழுதிய பேரறிஞர் ஜார்ஜ் டிக்னரிடமிருந்து அதே கருத்தையே எவரும் எதிர்பார்த்திருப்பர். ஆனால் அவரோ, மக்கள் விரும்பும் புதிய நூல்களைப் பல படிகள் வாங்கி வீட்டிற்கு இரவல் கொடுக்க வேண்டும் என்றார். விரும்பிப் படிப்பவனின் சுவை படிப்படியாக உயரும் என்பது அவருடைய நம்பிக்கை. 1852ஆம் ஆண்டின் அறிக்கையில் டிக்னரின் கருத்தே இடம்பெற்றது. இளமையில் நூல் வாங்க வசதியின்றி நூற்கடையில் நின்று படித்த ஜோசுவா பேட்ஸ், இலண்டனில் பெரும் வங்கியாளராகிய பின் அவ்வறிக்கையைக் கண்டு 50,000 டாலர் வழங்கினார். 1854இல் நூலகம் திறக்கப்பட்டது. 1858இல் எழுந்த புதிய கட்டடத்தில் ஆராய்ச்சி நூல்கள் மேல்தளத்திலும் மக்கள் விரும்பும் நூல்கள் கீழ்த்தளத்திலும் அமைந்தன. இருவர் கருத்தும் ஒரே கூரையின்கீழ் குடியேறின.

இரவல் பெறும் முறை இன்று நாம் காண்பதுபோல் எளிதாயிருக்கவில்லை. படிப்பவர் பேழைகளை அணுக இயலாது. அச்சிட்ட நூற்பட்டியலைப் பார்த்து, வேண்டிய நூலின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், பணியாள் உள்ளே சென்று எடுத்து வருவார். நூல் வெளியே சென்றிருந்தால் அடுத்த எண், அதுவும் இல்லையேல் அதற்கடுத்தது. பல இடங்களில் பிணை நிற்போர் ஒருவரின் கையொப்பம் தேவைப்பட்டது. சிறுவர்க்கு வயது வரம்பு இருந்தது. ஒரு வேளைக்கு ஒரே நூல், பெரும்பாலும் இரண்டு வாரத் தவணை, தாமதத்திற்குத் தண்டம். வில்லியம் பிரெட் 1890இல் கிளீவ்லாந்தில் பேழைகளைப் படிப்போர்க்குத் திறந்துவிட்டது பெரும் புதுமையாகக் கருதப்பட்டது.

படிப்போர் எடுத்துச் சென்றவை யாவை? நகருக்கு நகர் கணக்கு ஒன்றே: இரவல் சென்ற நூல்களுள் பெரும்பகுதி நாவல்களும் சிறுவர் கதைகளும். டிக்னர் எதிர்பார்த்த ஏற்றம் பதிவேட்டில் தோன்றவில்லை. பிலடெல்பியாவை அடுத்த ஜெர்மன்டவுனில் குவேக்கர் நண்பர் சபையார் நடத்திய இலவச நூலகம் நாவல்களை அறவே விலக்கியது. அதன் நூலகர் வில்லியம் கைட் 1877இல் இம்முடிவை வெளிப்படையாக ஆதரித்து எழுதினார். சிகாகோவின் வில்லியம் பூல் போன்றோர், வரி செலுத்துபவன் தனக்கு விருப்பமானதைப் படிக்க உரிமையுடையவன் என்றும், எதையும் படியாதிருப்பதைவிடக் கதை படிப்பது மேல் என்றும் வாதிட்டனர். 1876இல் தோன்றிய அமெரிக்க நூலகச் சங்கம், ஐயத்திற்குரிய ஆசிரியர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு, அவர்களுடைய நூல்கள் விலக்கப்பட்டனவா என்று 1881இல் பெரிய நூலகங்களை வினவியது. 1885இல் கான்கார்டு நூலகம் மார்க் ட்வெயினின் ஹக்கிள்பெரி பின்னை விலக்கியது. 1890களில் சிலர் ஓர் இணக்க வழியைக் கண்டனர்: ஒரே வேளையில் இரண்டு நூல்களை எடுக்கலாம், அவற்றுள் ஒன்று கதையல்லாததாக இருக்க வேண்டும்.

இவ்வாதங்களையெல்லாம் உண்மையான பதிவேடு ஒன்றோடு ஒப்பிட இன்று நமக்கு வாய்ப்பு உண்டு. இந்தியானா மாநிலத்தின் மன்சி நகர், 1929இல் வெளிவந்த 'மிடில்டவுன்' என்னும் ஆய்வினால் புகழ்பெற்றது. அதனைத் தம் மனைவி ஹெலனுடன் எழுதிய ராபர்ட் லிண்ட் இறையியல் கல்லூரியில் பயின்றவர். ஒரு சிறு நகரின் சமய வாழ்வை ஆராயவே அவர் முதலில் அங்கே அனுப்பப்பட்டார். அந்நகர் நூலகத்தின் பழைய இரவற் பதிவேடுகள் 2003இல் பிராங்க் பெல்சன்ஸ்டீன் என்னும் பேராசிரியரின் கண்ணில் பட்டன. 1891 முதல் 1902 வரையுள்ள அப்பதிவுகளில், 1892 முதல் 1894 வரை ஓர் இடைவெளி நீங்கலாக, ஏறத்தாழ 1,75,000 இரவல்கள் உள்ளன. பெற்றவர்கள் 6,000க்கும் மேற்பட்டோர்.

அப்பதிவுகளில் முதலிடம் பெறும் ஆசிரியர் ஹொரேஷியோ ஆல்ஜர். ஏழைச் சிறுவன் உழைத்து உயரும் கதைகளை எழுதிக் குவித்த இவர் முன்பு யூனிட்டேரியன் போதகர். 1866இல் கடுமையான குற்றச்சாட்டின்மேல் திருப்பணியை இழந்தவர். சிறுமி எல்சியின் கதைகளால் பெயர்பெற்ற மார்த்தா பின்லி பிரஸ்பிட்டேரியன் வெளியீட்டுக் குழுவிற்கு ஞாயிறு பள்ளி நூல்கள் எழுதியவர். அந்நாட்களில் பெரிதும் விற்பனையான நாவல்களை எழுதிய ஈ. பி. ரோ பிரஸ்பிட்டேரியன் போதகர். உள்நாட்டுப் போரில் படைக் குருவாயிருந்தவர். 1871இல் சிகாகோவை அழித்த தீயின் இடிபாடுகளைக் கண்டு முதல் நாவலை எழுதியவர். நூலகர்கள் அஞ்சிய கதை வெள்ளத்தின் ஊற்றுகளுள் சில, திருச்சபையின் முற்றத்திலேயே இருந்தன.

பதிவேட்டின் வரிகளில் தேதியும் பெற்றவரின் எண்ணும் நூலின் எண்ணும் மட்டுமே உள்ளன; எடுத்த நூல் படிக்கப்பட்டதா என்பதை அவை சொல்லா. ஆயினும் அவ்வெண்களைப் பெயர்களோடும் குடிக்கணக்கோடும் பொருத்திப் பார்த்த ஆய்வாளர்கள், தொழிலாளர் வீட்டாரும் அலுவலர் வீட்டாரும் ஏறத்தாழ ஒரே வகைக் கதைகளை நாடியதைக் கண்டனர். சிறுவர்க்கென்று எழுதப்பட்ட ஆல்ஜரின் நூல்களைச் சிறுமியர் பலர் எடுத்துச் சென்றுள்ளனர். சிறுமியர்க்கென்று எழுதப்பட்ட லூயிசா ஆல்காட்டின் நூல்களைச் சிறுவர் சிலரும் எடுத்துச் சென்றுள்ளனர்.