ஒன்பது பேரும் ஒரு கேள்வியும்

நீதி தேவதையின் சிலையைப் பார்த்திருப்பீர்கள். கண்களைத் துணியால் கட்டியிருக்கும். ஆனால், ஜூரர்களாக வந்து உட்காருகிறவர்களுக்குக் கண்ணும் திறந்திருக்கும், காதும் திறந்திருக்கும். தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது.

1959 ஏப்ரல் 27-ந் தேதி, பம்பாயில், கடற்படைக் கமாண்டர் நானாவதியிடம் அவர் மனைவி சில்வியா ஓர் உண்மையைச் சொல்லிவிட்டாள். பிரேம் அகூஜா என்பவனிடம் அவள் மனத்தைப் பறிகொடுத்திருந்தாள். நானாவதி கூச்சல் போடவில்லை. மனைவியையும் குழந்தைகளையும் சினிமாக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டார். தம் கப்பலுக்குச் சென்று, ஏதோ காரணம் சொல்லி, ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கிக்கொண்டார். அகூஜாவை ஆபீசில் தேடினார். பிறகு வீட்டுக்குப் போனார். மூன்று குண்டுகள் வெடித்தன. பிறகு போலீஸாரிடம் சென்று சரணடைந்தார்.

கைகலப்பில் துப்பாக்கி தானாக வெடித்துவிட்டது என்று கோர்ட்டில் வாதாடினார்கள். குளித்துவிட்டு வந்த அகூஜா இடுப்பில் ஒரு துண்டு மட்டுமே கட்டியிருந்தான். அவன் செத்து விழுந்தபோதும் அந்தத் துண்டு இடுப்பிலேயே இருந்தது! கட்டிப் புரண்டு சண்டை போட்டால் துண்டு நழுவாதா?

ஜூரர்கள் ஒன்பது பேர். அவர்கள் எதிரே வெள்ளைச் சீருடையும் பதக்கங்களுமாக நானாவதி நின்றார். வெளியே 'பிளிட்ஸ்' பத்திரிகை அவரைக் கண்ணியமான கணவர் என்று கொண்டாடிக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் 'குற்றவாளி அல்ல' என்றார்கள்.

"இது கொலையா?" என்பது கடினமான கேள்வி. "இவர் நல்லவரா?" என்பது சுலபமான கேள்வி. கேட்ட கேள்வியை விட்டுவிட்டுத் தெரிந்த கேள்விக்கு விடை எழுதிவிட்டு எழுந்துபோகும் பரீட்சைப் பையனைப் போலத்தான் நம் மனமும். அந்த எட்டுப் பேரின் மனமும் அப்படித்தான் வேலை செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

செஷன்ஸ் நீதிபதி இந்த முடிவை ஏற்காமல் வழக்கை ஹைக்கோர்ட்டுக்கு அனுப்பினார். 1960-ல் நானாவதிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1961 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. மனைவி சொன்னதற்கும் குண்டு வெடித்ததற்கும் இடையே ஆத்திரம் தணிய வேண்டிய நேரம் இருந்தது என்றார்கள் நீதிபதிகள். ஜூரர்களுக்குச் செஷன்ஸ் நீதிபதி எடுத்துச் சொன்ன சட்ட விளக்கத்திலும் பிழைகள் இருந்தன என்றார்கள். ஆகவே, பழி முழுவதையும் ஜூரர்கள் தலையில் போடுவது தர்மம் அல்ல. 1964-ல் கவர்னர் விஜயலக்ஷ்மி பண்டிட் நானாவதியை மன்னித்தார்.

இந்த வழக்கினால்தான் நம் நாட்டில் ஜூரி முறை ஒழிந்தது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். ஜூரியை எடுத்துவிடலாம் என்று சட்டக் கமிஷன் 1958-லேயே சிபாரிசு செய்துவிட்டது. அப்போது அகூஜா உயிரோடு இருந்தான்! 1973-ம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமில்லாமல் போயிற்று. பரபரப்பான கதை ஒன்று கிடைத்ததும் அதையே காரணமாக்கிவிட்டோம். எட்டுப் பேர் செய்த அதே தவறுதான்!

நீதிபதிக்கும் மனம் உண்டு. விருப்பு வெறுப்பும் உண்டு. ஆனால், அவர் காரணங்களை எழுதியாக வேண்டும். மேல் கோர்ட்டார் அதைப் படித்துப் பார்ப்பார்கள். ஜூரரோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். திண்ணையில் உட்கார்ந்து ஊராருக்குத் தீர்ப்பு வழங்கும் நாமும் அப்படித்தான். அடுத்த முறை வாயைத் திறக்குமுன் காரணத்தை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்ப்போமே! பாதித் தீர்ப்புகள் காகிதத்தோடு நின்றுவிடும்.