மரமில்லாத மலையில் ஒரு காவல்



எங்க ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை... இதெல்லாம் சேர்ந்தது தான் வேலூராம். கோயிலுக்கு 1981ல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். மற்றதெல்லாம் கிட்டத்தட்ட அப்படியே தான் இருக்கு :)

கோட்டையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இந்தப் பதிவு மலையைப் பற்றி.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று கிழக்கே பாருங்க. வெறும் பாறையா தெரியும் குன்றுகளின் தலையில் கல் சுவர்கள் தெரியும். அங்கே மூன்று மலைக்கோட்டைகள் இருக்கு. பழைய புத்தகங்களில் சஜ்ராவ், குஜ்ராவ், முர்தசாகர் என்று பல எழுத்துகளில் இந்தப் பெயர்கள் வரும். கீழே அவ்வளவு பெரிய கோட்டை இருக்கும்போது மேலே எதுக்கு இன்னும் மூன்று? பள்ளிக்கூட நாளில் இருந்தே எனக்கு இந்தக் கேள்வி உண்டு. போன டிசம்பரில் நண்பர்களோடு ஏறிப் பார்த்தபோது தான் விடை கிடைத்தது.

ஏறும் பாதை என்று பெரிசா எதுவும் இல்லை. ஆடு மேய்ப்பவர்கள் போகும் தடம், அப்புறம் பாறை, முள். வழியெல்லாம் ஆவாரம் செடி. ஒரு காலத்தில் தோல் பதனிட இந்த ஆவாரம் பட்டையைத் தான் பயன்படுத்தினார்கள். பிறகு தான் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டையும் குரோமியமும் வந்தன. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்க வளர்ந்த தொழிலுக்கு இந்தச் செடிக்கும் ஒரு பங்கு உண்டு.

மேலே போய் திரும்பிப் பார்த்தால் கோட்டை முழுசும் காலடியில் கிடக்குது. அகழி, கொத்தளம், கோயில் கோபுரம், எதுவும் மறைவில்லை. அங்கே நின்றால் 1677ல் என்ன நடந்திருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த வருஷம் செஞ்சியைப் பிடித்த சிவாஜி அடுத்து வேலூருக்கு வந்தார். கோட்டை அப்போது பீஜப்பூர் சுல்தானின் தளபதி அப்துல்லா கான் கையில். அகழியில் முதலைகள் இருந்ததாக மராத்திய வரலாற்று ஏடுகள் சொல்கின்றன. நேராக மோதினால் ஆகாது என்று தெரிந்ததும் மராத்தியர்கள் எதிரே இருந்த குன்றுகளைப் பிடித்து அரண் கட்டி அங்கிருந்து பீரங்கியால் சுட்டார்கள். அந்த இரண்டு அரண்களுக்கு சாஜ்ரா, கோஜ்ரா என்று பெயர். சிவாஜி கிளம்பிப் போன பிறகும் முற்றுகை தொடர்ந்தது. ஒரு வருஷத்துக்கும் மேல் தாங்கிய கோட்டை 1678ல் விழுந்தது. முதலைகள் இருந்தது அகழியில், பீரங்கி இருந்தது மலையில்!

நூறு வருஷம் கழித்து இதே பாடம் திரும்ப நடந்தது. 1780ல் பொள்ளிலூரில் ஆங்கிலேயரைத் தோற்கடித்த ஹைதர் அலி, ஆற்காட்டைப் பிடித்து, பிறகு வேலூரைச் சூழ்ந்தார். அவர் படை முதலில் குறிவைத்தது கீழே உள்ள கோட்டையை இல்லை, மலைக்கோட்டையைத் தான். இந்த முறை மேலே இருந்தவர்கள் விடவில்லை. மலை விழவில்லை, அதனால் வேலூரும் விழவில்லை.

அப்புறம் 1806 ஜூலை 10. சிப்பாய்கள் இரவோடு இரவாகக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். நூறுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் இறந்தார்கள். ஆனால் வெளியே இருந்த ஓர் அதிகாரி சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆற்காட்டுக்குச் செய்தி கொண்டு போய்விட்டார். காலையிலேயே கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்தது. வெளி வாசல்கள் ஒழுங்காகக் காக்கப்படவில்லை. அன்று பகலுக்குள் எல்லாம் முடிந்து, சில நூறு சிப்பாய்கள் பிணமாகக் கிடந்தார்கள். ஆற்காடும் கிழக்கே, இந்த மலையும் கிழக்கே. மேலே ஒரே ஒரு ஆள் நின்றிருந்தால் குதிரைப் புழுதியை முன்கூட்டியே பார்த்திருப்பானோ என்று எனக்குத் தோன்றியது. இது என் கற்பனை தான், வரலாறு இல்லை.

இப்போது எந்தப் படையும் வரப்போவதில்லை. அப்படின்னா மலைக்குக் காவல் வேண்டாமா? வேண்டும். இன்றைய எதிரி தீ.

கோடையில் ராத்திரி மொட்டைமாடியில் நின்றால் மலையில் சிவப்புக் கோடு மாதிரி நெருப்பு ஊர்ந்து போவதை வேலூர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். 'தானா பத்திக்கிச்சு' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவோம். தானாகப் பற்றுவது மிகவும் அபூர்வம். அணைக்காத பீடி, புதுப் புல் முளைக்கட்டும் என்று வைக்கும் நெருப்பு, இப்படிப் பெரும்பாலும் மனிதக் கை தான். மழையில் தலைகாட்டிய கன்று ஒவ்வொன்றும் மார்ச்சில் கருகினால் மலையில் மரம் எப்படி வரும்?

அமெரிக்காவில் 1910ல் இடாஹோ, மொன்டானா பக்கம் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. அதற்குப் பிறகு மலை உச்சிகளில் ஆயிரக்கணக்கில் தீ கண்காணிப்பு கோபுரங்கள் கட்டினார்கள். கோடை முழுக்க ஓர் ஆள் அதில் உட்கார்ந்து புகை தெரியுதா என்று பார்ப்பதே வேலை. இன்று நம் நாட்டில் செயற்கைக்கோள் தீயைக் கண்டுபிடித்து வனத்துறைக்குத் தகவல் அனுப்புகிறது. ஆனால் மண்வெட்டியும் பச்சைக் கிளையுமாக மலை ஏறி அணைப்பது மனிதர்கள் தான்.

2018 மார்ச் 11ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் மலை ஏற ஆசைப்படும் நண்பர்களுக்கு: மழை முடிந்த கையோடு போங்க, கோடையில் வேண்டாம். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீங்க. தீப்பெட்டியை வீட்டிலேயே விட்டுடுங்க.

நாங்கள் இறங்கும்போது ஒரு சுவரோரம் கரிந்த புல் திட்டு ஒன்றைப் பார்த்தோம். நடுவில் இரண்டு பாட்டில். ஹைதரால் பிடிக்க முடியாத மலை!