நீர் மென்மையாக்கியும் வீட்டுக் குழாய்களும்

நீரில் கரைந்து அதற்குக் கடினத்தன்மை தரும் கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடும் கருவி நீர் மென்மையாக்கி. கடையிலும் பிளம்பர் வாயிலும் இதன் பெயர் 'சாஃப்ட்னர்'. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் மேற்குப் பக்கம் உள்ள அடி அண்ணாமலை போல ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் புழங்கும் இடங்களில், வீடோ விடுதியோ கட்டும்போது இதை வைக்கலாமா என்ற கேள்வி எழுகிறது. வைக்கலாம். ஆனால் எந்தக் குழாயில் வைப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

திருவண்ணாமலை வட்டாரம் கெட்டிப் பாறை நிலம். மழைநீர் பாறை வெடிப்புகளிலும் சிதைந்த அடுக்குகளிலும் தேங்கி மெல்ல மெல்லத் தாதுக்களைக் கரைத்துக்கொள்கிறது. சுக்கான் கல் இருக்கும் இடத்தில் சுண்ணாம்பு இன்னும் கூடும். சாத்தனூர் அணையிலிருந்து நகருக்கு வரும் குடிநீர் ஆற்றுநீர் என்பதால் அதன் கடினத்தன்மை பொதுவாகக் குறைவு. பக்கத்துப் பக்கத்து வீட்டு போர்களே வேறுபடும்போது, ஊருக்கு ஒரே அளவு சொல்வதில் பொருளில்லை. அவரவர் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வேண்டியதுதான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500:2012 குடிநீரின் மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் (கால்சியம் கார்பனேட் கணக்கில்) என்று வரம்பு வைக்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம். பரிசோதனைச் சீட்டு வருமுன்பே பருப்பு வேகாததும் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோவதும் விஷயத்தைச் சொல்லிவிடும்.

செயல்படும் முறை

மண்ணுக்கு அயனிகளை மாற்றிக்கொள்ளும் தன்மை உண்டென்று இங்கிலாந்தில் தாம்ப்சனும் வேயும் 1850-ல் எழுதினார்கள். அதே வேலையைச் செய்யும் செயற்கைப் பிசின் 1935-ல் ஆடம்ஸ், ஹோம்ஸ் இருவரின் கைவண்ணத்தில் வந்தது. இன்றைய கருவியின் உருளைக்குள் இருப்பவை பாலிஸ்டைரீன் பிசினால் ஆன, கடுகளவுகூட இல்லாத மஞ்சள் மணிகள். இவை நிறைந்துபோனதும் உப்புக் கரைசலைச் செலுத்திக் கழுவினால் கால்சியம் வெளியேறி மீண்டும் சோடியம் ஏறிக்கொள்ளும்.

இதில் ஒரு ஏமாற்றம் அடிக்கடி நேர்கிறது. கருவி வைத்த பின் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்தால் எண் இறங்கியிருக்காது. ஒன்றை எடுத்து மற்றொன்றைக் கொடுத்ததால் கரைந்த பொருளின் அளவு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். உவர்ப்புச் சுவை, புளோரைடு, நைட்ரேட் எதையும் இக்கருவி நீக்காது, அதற்கு ஆர்.ஓ. வேண்டும். காந்தப் பட்டையைக் குழாயில் சுற்றும் கருவிகளோ கடினத்தன்மையைத் துளியும் குறைப்பதில்லை.

குழாய்களில் நடப்பது

சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும். கால்சியம் கார்பனேட் சூட்டில் குறைவாகக் கரையும். பைகார்பனேட் சிதைந்து கார்பனேட்டாகப் படிவதும் சூட்டில்தான் வேகமெடுக்கிறது. ஆகவே முதலில் அடிபடுவது கீசர். கழற்றிய காயிலைப் பார்த்தால் செம்பு தெரியாது; சாம்பல் வெள்ளையில் செதில் செதிலாக ஓடு கட்டியிருக்கும், ஸ்குரூடிரைவர் முனையால் தட்டினால் பாளம் பாளமாக உதிரும். அந்த ஓடு வெப்பத்தைத் தண்ணீருக்கு விடாததால் காயில் தன் சூட்டிலேயே கருகுகிறது. கீசரைக் கொதிநிலைக்கு அருகே வைக்காமல் 50 டிகிரியில் வைப்பதே பாதி வைத்தியம். அடுத்து சோலார் ஹீட்டர், வாஷிங் மெஷின், ஷவர் துளைகள். குளிர்ந்த நீர் மட்டும் ஓடும் பி.வி.சி. குழாயில் படிவு மிக மெதுவாகத்தான் ஏறும். அதற்காகச் செலவு செய்யத் தேவையில்லை.

அமெரிக்காவின் பட்டெல் ஆய்வு நிறுவனம் 2009 வாக்கில் செய்த சோதனையில், மென்னீரில் ஓடிய ஹீட்டர்கள் திறன் குன்றவில்லை. கடின நீரில் ஓடிய எரிவாயு ஹீட்டர்கள் வெகுவாகக் குன்றின. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நீர்க் கருவித் தொழிலினரின் சங்கம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மென்னீர் குழாயை அரிக்கும் என்ற அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் 1859 முதல் கட்ரின் ஏரியின் இயற்கை மென்னீரைக் குடித்தது. அது ஈயக் குழாய்களைக் கரைத்ததால் 1978-ல் நீரில் சுண்ணாம்பு சேர்க்க வேண்டியதாயிற்று. ஆனால் அந்த நீர் அமிலத்தன்மை கொண்டது. சாஃப்ட்னர் நீரின் காரத்தன்மையைக் குறைப்பதில்லை, ஆகவே இரண்டும் ஒன்றல்ல. பழைய ஜி.ஐ. குழாய் உள்ள வீட்டில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: புதிய படிவு காப்பாகச் சேராது, பழைய படிவு அடைத்திருந்த மரை இணைப்புகள் கசியத் தொடங்கலாம். கீசருக்குள் இருக்கும் மக்னீசியத் தண்டும் சீக்கிரம் கரையக்கூடும். சர்வீஸின்போது அதையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பொருத்தும் இடம்

தானியங்கி வால்வுக்குச் சுமார் 1.5 பார் அழுத்தம் தேவை. மாடித் தொட்டியிலிருந்து 3, 4 மீட்டர் இறங்கும் நீர் தருவது 0.3, 0.4 பார்தான். ஆகவே தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டார் குழாயிலேயே கருவியை மாட்டிவிடுகிறார்கள். வேலை எளிது, ஆனால் கழிப்பறைக்கும் செடிக்கும் போகும் நீரெல்லாம் மென்மையாகிறது. சிறு பிரஷர் பம்ப் ஒன்றை வைத்து, குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் தனி லைன் இழுப்பது மேல். சமையலறைக் குழாயை விட்டுவிடலாம்: 400 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் லிட்டருக்கு 184 மில்லிகிராம் சோடியம் கூடும், ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைப்பவர்களுக்கு அது ஆகாது. இரும்புச்சத்து மிகுந்து செம்மை படியும் தண்ணீரானால் முன்னே ஒரு வடிகட்டி இல்லாமல் மணிகள் கெட்டுவிடும்.

500 மில்லிகிராம் கடின நீரை நாளுக்கு 500 லிட்டர் மென்மையாக்கினால் தினமும் கால் கிலோ சுண்ணாம்புக்கு ஈடானதைக் கருவி பிடிக்க வேண்டும். 25 லிட்டர் பிசின் சுமார் 5 நாளில் நிரம்பும். ஒவ்வொரு கழுவலுக்கும் 3, 4 கிலோ கல்லுப்பு தேவைப்படும். அந்த உவர்நீரைத் தென்னம் பாத்தியில் விட்டால் மண் கெடும். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் தரைக்குள் விட்டால் பக்கத்து போருக்கே போய்ச் சேரலாம். தொட்டி முழுவதையும் மென்மையாக்கும் வீடுகளில் இந்த உப்பின் கணிசமான பங்கு கழிப்பறையில் ஊற்றிய தண்ணீருக்காகச் செலவானது.