புளி போட்டுத் தேய்த்த காசுகள்

நான் ஆறாவது படிக்கும்போது அப்பா வாய்க்கால் வெட்டினார். இடுப்பளவு ஆழத்தில் ஒரு சின்னப் பானை உடைந்தது. உள்ளே பச்சை பூத்த செப்புக் காசுகள், ஏழெட்டு இருக்கும். ஆயா புளியும் சாம்பலும் போட்டு ராவெல்லாம் தேய்ச்சாங்க. காலையில பளபளன்னு இருந்துச்சு, ஆனா காசு மேல ஒரு கோடுகூட மிச்சமில்ல. அந்த வாரமே பேரீச்சம்பழக்காரர்கிட்ட எடைக்குப் போயிடுச்சு. பழம் தின்னதில் எனக்கும் பங்குண்டு.

எங்க மாகறல் பழைய ஊர். சம்பந்தர் பாடிய கோயில் இங்கே இருக்கு. அந்தக் காசு பல்லவருடையதா, சோழருடையதா, நேத்தைய நவாபுடையதா? இனி யாராலும் சொல்ல முடியாது.

1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜி.எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். கடைசிக் காசுகள் வெஸ்பாசியன் காலத்தவை, அதாவது கி.பி. 69-79. ஆகவே அதற்கு முன் அந்தப் புதையலைப் புதைத்திருக்க முடியாது. அதைவிட வியப்பு, பெரும்பாலான காசுகளில் அரசன் தலைமேல் உளிவெட்டு! இனி பணமாகப் புழங்கக் கூடாது, தங்கமாக மட்டுமே மதிக்கணும் என்று வெட்டியிருக்கலாம் என்கிறார்கள். ஒரு காசு மட்டும் கிடைத்திருந்தால் ஏதோ கீறல் என்று விட்டிருப்போம். மொத்தமாகச் சேர்ந்து கிடைத்ததால்தான் அது சங்கதியாச்சு.

நமக்குப் பக்கத்து உத்திரமேரூரிலேயே 2020 டிசம்பரில் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியின்போது 565 கிராம் தங்கம் கிடைத்தது. கோயில் பொருள் கோயிலுக்கே என்று ஊர்க்காரர்கள் கொடுக்க மறுத்தார்கள். கடைசியில் அரசுக் கருவூலத்துக்குப் போனது. அவங்க கோபம் எனக்குப் புரியுது. கொடுத்தா திரும்பி வராதுங்கிற பயம்தான் எல்லா ஊரிலும் பானையை மறைக்குது.

ஆனா சட்டம் அவ்வளவு மோசமில்லை. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கணும். எங்கே, என்றைக்கு, என்ன கிடைத்தது என்று. மறைத்தால் பங்கும் போகும், ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. சொந்தம் கொண்டாட யாரும் இல்லையென்றால், வேறு ஒப்பந்தமில்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரணும்.

போன வாரம் டிராக்டர் தம்பியிடம் சொன்னேன்: "பானை ஓடு தட்டுப்பட்டா வண்டிய நிறுத்திடு. கழுவாத, தேய்க்காத, மண்ணோட அப்படியே விட்டுட்டுப் போட்டோ எடு."

"தங்கமா இருந்தாக்கூடவா ண்ணா?"

"தங்கமா இருந்தா உனக்கு முக்கா, எனக்குக் கால்தான்டா."

அன்னிலேர்ந்து வாய்க்கா ஓரமாவே உழுறான்.