தோட்டத்துத் தாளம்

ரெகே என்றால் வெறும் ஆட்டப் பாட்டு என்று நம்மவர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஜமைக்காவின் கரும்புத் தோட்டத்தில் அடிமைத்தனம் 1838-இல் ஒழிந்தது. 1845-இல் அங்கே இந்தியக் கூலிகள் கப்பலில் வந்து இறங்கினார்கள். எங்கள் தொப்பூர் அடங்கியிருந்த பழைய சேலம் ஜில்லாவிலிருந்தும் ஜனங்கள் இலங்கைத் தேயிலைக்குப் போனார்கள். ஆகவே இந்தச் சங்கீதம் நமக்கு அந்நியமல்ல.

பாப் மார்லியை எல்லாரும் சொல்வார்கள். நான் பர்னிங் ஸ்பியரின் ‘மார்க்கஸ் கார்வி’யை (1975) சிபாரிசு செய்வேன். ரெகேயில் பெரும்பாலும் முதல் தட்டில் டிரம் பேசாது, மூன்றாவதில்தான் விழும். தொப்பூர்க் கணவாயில் லாரி கியரைக் குறைத்து இறங்குவதுபோல், அந்தத் தாளம் கோபத்தைப் பிடித்து நிறுத்தும்.

புதியதில் கோஃபியின் ‘ராப்ச்சர்’ (2019). கூடவே, ரெகே அல்லவென்றாலும், தீயும் அறிவும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ (2021): தேயிலைத் தோட்டத்தில் உழைத்தும் நிலமற்றுப்போன பாட்டியின் கதை. தோட்டத்து ஜனங்கள் முன்பும் பாடத்தான் செய்தார்கள். உலகத்தின் காதில் விழத்தான் இத்தனை காலம் பிடித்தது.